ஆற்றுப் பள்ளத்தாக்கில் மாரத்தான் ஓட்டம்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

அறிமுகம்

மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர் தொலைவைக் கொண்ட நெடுந்தொலைவு ஓட்டமாகும். நகரச் சாலைகளில் மட்டுமன்றி, மலையும் ஆறும் சூழ்ந்த இயற்கைப் பாதைகளிலும் இவ்வோட்டம் உலகின் பல பகுதிகளில் நடத்தப்படுகிறது. இவற்றுள், ஆறு பாறையை அறுத்து உருவாக்கிய குறுகிய, ஆழமான பள்ளத்தாக்கின் வழியே செல்லும் ஓட்டங்கள் கண்ணுக்கு இனிமையானவை. ஆனால் அவை உடலுக்குத் தனி வகையான சுமையைத் தருகின்றன.

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா, சிறுநீரக நோய் போன்ற நீண்டகால நோய்கள் உள்ளவர்களிலும் சிலர், மருத்துவரின் வழிகாட்டுதலுடன் முறையாகப் பயிற்சி செய்து மாரத்தான் ஓடுகின்றனர். நோய் இருப்பது மட்டுமே ஓட்டத்திற்குத் தடையாகாது. எனினும், நகரத்தில் ஓடும்போது சில நிமிடங்களில் கிடைக்கும் மருத்துவ உதவி, பள்ளத்தாக்கில் அதே வேகத்தில் கிடைக்கும் என எதிர்பார்க்க இயலாது. ஆகையால், எந்த நிலையில் ஓட்டத்தை நிறுத்துவது என்பதைப் புறப்படுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்வது அவசியம். இப்பக்கத்தில் நீங்கள் முதன்மையாக நினைவில் கொள்ள வேண்டியது இதுவே.

இங்குள்ள தகவல்கள் பொதுவான விழிப்புணர்வுக்கானவை. இவை உங்கள் மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றாகா.

பள்ளத்தாக்கு ஓட்டப்பாதை எவ்வாறு அமைந்திருக்கும்?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஃபோர்ட் காலின்ஸ் நகருக்கு அருகிலுள்ள பூடர் பள்ளத்தாக்கில் நடைபெறும் கொலராடோ மாரத்தானை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மே மாதத் தொடக்கத்தில் நடைபெறும் இவ்வோட்டத்தில், பங்கேற்பாளர்கள் அதிகாலையில் பேருந்துகளில் பள்ளத்தாக்கின் மேற்பகுதிக்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர். புறப்படும் இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீட்டர் உயரத்திலும், முடியும் இடமான நகரப்பகுதி சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. பாதையின் பெரும்பகுதி, கேஷ் லா பூடர் ஆற்றை ஒட்டிய நெடுஞ்சாலையில் ஆறு ஓடும் திசையிலேயே கீழ்நோக்கிச் செல்கிறது. பள்ளத்தாக்கை விட்டு வெளியேறிய பின் சமநிலமும் சிறு ஏற்றங்களும் வருகின்றன.

இத்தகைய பாதைகளில் பொதுவாகக் காணப்படும் இயல்புகள்:

• பாதை பெரும்பாலும் ஒரே திசையில் செல்லும். புறப்பட்ட இடமும் முடியும் இடமும் வெவ்வேறானவை. இடையில் விலகி வீடு திரும்ப வேறு சாலை இராது.
• பாதை தொடர்ந்து கீழ்நோக்கிச் சரியும்.
• காலையில் கடுங்குளிரும், முற்பகலில் வெயிலும் நிலவும்.
• இருபுறமும் பாறைச்சுவர்கள் இருப்பதால் கைப்பேசி இணைப்பு பல இடங்களில் கிடைக்காது.
• அவசர ஊர்தி வருவதற்கு ஒரே சாலையே இருக்கும். அதே சாலையில்தான் ஓட்டக்காரர்களும் சென்றுகொண்டிருப்பர்.

கீழ்நோக்கி ஓடுவது எளிதா?

மூச்சுக்கு எளிது, தசைகளுக்கு எளிதன்று. சரிவில் இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையைத் தொடையின் முன்புறத் தசைகள் தடுத்து நிறுத்துகின்றன. அவ்வேளையில் தசை சுருங்க முயலும்போதே நீட்டப்படுகிறது. இவ்வாறான இயக்கம் தசைநார்களில் நுண்ணிய கிழிசல்களை உண்டாக்கும். முதல் 20 கிலோமீட்டரை எளிதாகக் கடந்த ஒருவர், சமநிலத்தை அடைந்ததும் கால்கள் இறுகி நடக்கவும் சிரமப்படுவது இதனாலேயே. தசைவலி ஓட்டத்திற்குப் பின் 24 முதல் 72 மணி நேரத்திற்குள் உச்சத்தை அடையும்.

தசைச் சேதம் மிகுதியாகும்போது, தசையிலுள்ள மயோகுளோபின் என்னும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். இது ராப்டோமயோலிசிஸ் எனப்படுகிறது. சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் வெளியேறுவது, தசை வீங்கி இறுகுவது, கடும் பலவீனம் ஆகியவை இதன் அறிகுறிகள். இந்நிலைக்கு மருத்துவமனைச் சிகிச்சை தேவை.

இதைத் தவிர்க்கப் பயிற்சியே சிறந்த வழி. சரிவில் ஓடிப் பழகிய தசை, அடுத்த முறை அதே சுமையால் குறைவாகவே சேதமடைகிறது. இப்பாதுகாப்பு சில வாரங்கள் நீடிக்கும். எனவே, ஓட்டத்திற்கு முந்தைய மாதங்களில் மிதமான சரிவுகளில் சிறுகச் சிறுகப் பயிற்சியை அதிகரிக்கவும். சமதளத்தில் மட்டும் பயிற்சி பெற்றுவிட்டுப் பள்ளத்தாக்கில் ஓடுவதைத் தவிர்க்கவும். மூட்டுத் தேய்மானம் அல்லது எலும்பு மெலிவு நோய் உள்ளவர்கள், சரிவுப் பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ ஆலோசிக்கவும்.

உயரமும் காற்றும்

சுமார் 1,870 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே வேகத்தில் ஓட இதயமும் நுரையீரலும் கூடுதலாக உழைக்க வேண்டும். கடலோரப் பகுதியிலிருந்து செல்பவர்கள் தமது வழக்கமான வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இரத்தசோகை, நுரையீரல் நோய், இதயத் தமனி நோய் உள்ளவர்கள் இவ்வேறுபாட்டைக் கூடுதலாக உணர்வர். அரிவாள் உயிரணு மரபுக்கூறு உள்ளவர்களுக்கு, உயரமும் வெப்பமும் கடும் உழைப்பும் ஒன்றுசேரும்போது தசைகளுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்படக்கூடும். அவர்கள் இதனைத் தவறாமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

இரவில் குளிர்ந்த காற்று மலைச்சரிவுகளிலிருந்து இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்குகிறது. குளிர்ந்த, உலர்ந்த இக்காற்று ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய்ச் சுருக்கத்தைத் தூண்டலாம். வெயில் ஏறியபின் காற்று பள்ளத்தாக்கின் மேல்நோக்கி வீசத் தொடங்கும். ஆறு ஓடும் திசையில் இறங்குபவர்களுக்கு இது எதிர்க்காற்றாகும். கொலராடோ போன்ற பகுதிகளில் காட்டுத்தீப் புகையும் ஒரு காரணியாகும். 2020-ஆம் ஆண்டு பூடர் ஆற்றின் மேற்பகுதியில் பரவிய கேமரூன் பீக் காட்டுத்தீ, அம்மாநில வரலாற்றில் பதிவான மிகப் பெரிய காட்டுத்தீயாகும். புகைமூட்டம் உள்ள நாளில் இதய நோயாளிகளும் ஆஸ்துமா நோயாளிகளும் ஓடக் கூடாது.

குளிரால் ஏற்படும் ஆபத்து

உடலின் உள்வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் இறங்குவது உடல் வெப்பக்குறைவு எனப்படுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது தசைகள் வெப்பத்தை உண்டாக்குவதால் குளிர் தெரிவதில்லை. களைத்து நடக்கத் தொடங்கியதும், வியர்வையால் நனைந்த உடையும் காற்றும் சேர்ந்து உடலை விரைவாகக் குளிர்விக்கின்றன.

2021-ஆம் ஆண்டு மே 22 அன்று, சீனாவின் கான்சு மாகாணத்தில் மஞ்சள் ஆற்றங்கரையிலுள்ள கற்காட்டுப் பகுதியில் 100 கிலோமீட்டர் மலையோட்டம் நடைபெற்றது. இது மாரத்தானைவிட நீண்ட ஓட்டமாகும். பாதையின் உயர்ந்த பகுதியில் ஓட்டக்காரர்கள் சென்றுகொண்டிருந்தபோது ஆலங்கட்டி மழையும் உறைமழையும் பலத்த காற்றும் தாக்கின. பங்கேற்ற 172 பேரில் 21 பேர் உயிரிழந்தனர். பலர் மெல்லிய அரைக்கை உடையும் அரைக்கால் சட்டையுமே அணிந்திருந்தனர். வாகனங்கள் எளிதில் சென்றடைய இயலாத இடமாக இருந்ததால் மீட்புப்பணி தாமதமாயிற்று. அப்பகுதியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், தாம் தங்கியிருந்த குகைக்கு ஆறு ஓட்டக்காரர்களைக் கொண்டு சேர்த்து, தீ மூட்டிக் கதகதப்பாக்கிக் காப்பாற்றினார்.

இந்நிகழ்விலிருந்து நாம் அறிய வேண்டியவை எளிமையானவை. காற்றையும் மழையையும் தடுக்கும் மெல்லிய மேலாடை ஒன்றை எப்போதும் உடன் கொண்டு செல்லுங்கள். உறைவிடம் கிடைக்கும் இடத்தில் நின்றுவிடுங்கள். நடுக்கம், விரல்கள் ஒத்துழையாமை, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் ஓட்டம் முடிந்துவிட்டது எனக் கருதுங்கள். கடுங்குளிரில் இருந்தும் நடுக்கம் திடீரென நிற்பது நலமடைந்ததற்கான அடையாளமன்று. அது நிலைமை மோசமாவதைக் காட்டும்.

வெப்பத்தால் ஏற்படும் ஆபத்து

பாறைச்சுவர்கள் வெயிலை உள்வாங்கி மீண்டும் வெளியிடுவதால் பள்ளத்தாக்கின் அடிப்பகுதி விரைவில் சூடாகிறது. அரிசோனா மாநிலத்தின் கிராண்ட் கேன்யனில் இதனைத் தெளிவாகக் காணலாம். அங்குத் தென் விளிம்பு சுமார் 2,100 மீட்டர் உயரத்திலும், அடியில் ஓடும் கொலராடோ ஆறு சுமார் 730 மீட்டர் உயரத்திலும் உள்ளன. 300 மீட்டர் இறங்கும்போது வெப்பநிலை ஏறக்குறைய 3 டிகிரி செல்சியஸ் உயர்கிறது. விளிம்பில் இதமாக இருக்கும் நாளில் அடியில் 13 டிகிரி வரை கூடுதலாக இருக்கக்கூடும். கோடைக்காலத்தில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை உட்பகுதிப் பாதைகளில் நடப்பதைத் தவிர்க்குமாறு பூங்கா நிர்வாகம் அறிவுறுத்துகிறது. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு, ஏறக்குறைய 38 கிலோமீட்டர் தொலைவை ஒரே நாளில் ஓட முயல்பவர்கள், எளிதான இறக்கத்தை முதலிலும் கடுமையான ஏற்றத்தைக் களைத்த பின்னும் எதிர்கொள்கின்றனர்.

'ஹீட் ஸ்ட்ரோக்' எனப்படும் வெப்பத்தாக்கில் உடலின் உள்வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் உயர்ந்து மூளையின் செயல்பாடு பாதிக்கப்படுகிறது. குழப்பம், எரிச்சல், தள்ளாட்டம், மயக்கம் ஆகியவை அறிகுறிகள். ஓட்டக்காரர்களுக்குத் தோல் வியர்வையுடன் ஈரமாகவே இருக்கக்கூடும். வியர்வை இருப்பதால் ஆபத்து இல்லை என எண்ணக் கூடாது.

இந்நிலையில் முதலில் குளிர்விக்க வேண்டும். அதன் பிறகே வேறிடத்திற்குக் கொண்டு செல்ல வேண்டும். நிழலில் படுக்க வைத்து, குளிர்நீர்த் தொட்டி இருந்தால் கழுத்து வரை அமிழ்த்தி, ஒருவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளவும். தொட்டி இல்லையெனில் குளிர்நீரில் நனைத்த துணிகளால் உடல் முழுவதும் போர்த்தி, அவற்றை அடிக்கடி மாற்றவும், விசிறவும். ஓடும் ஆற்றில் இறக்க வேண்டாம். பனி உருகும் பருவத்தில் ஆற்றின் வேகமும் குளிர்ச்சியும் நோயாளியையும் உதவுபவரையும் அடித்துச் செல்லக்கூடும்.

தண்ணீர்: குறைவும் ஆபத்து, மிகுதியும் ஆபத்து

நிறையத் தண்ணீர் குடிப்பதே பாதுகாப்பு என்னும் கருத்து பரவலாக உள்ளது. இது முழுமையாகச் சரியன்று. தேவைக்கு மேல் நீர் அருந்தினால் இரத்தத்தில் சோடியத்தின் அளவு குறைந்து, மூளை வீங்கும் அபாயம் ஏற்படுகிறது. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் இரத்தப் பரிசோதனை செய்யப்பட்ட 488 ஓட்டக்காரர்களில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது உடல் எடை கூடியவர்களிடமும், நான்கு மணி நேரத்திற்கு மேல் ஓடியவர்களிடமும் இது மிகுதியாகக் காணப்பட்டது.

• தாகம் எடுக்கும்போது, தாகம் தணியும் அளவுக்கு அருந்துங்கள்.
• ஒவ்வொரு நீர் நிலையத்திலும் கட்டாயம் குடிக்க வேண்டும் என்பதில்லை.
• ஓட்டத்தின் முடிவில் எடை கூடியிருப்பது எச்சரிக்கை அறிகுறியாகும்.
• தலைவலி, வாந்தி, விரல் வீக்கம், குழப்பம் ஆகியவை தோன்றினால் மேலும் தண்ணீர் கொடுக்காமல் மருத்துவக் குழுவை அணுகவும்.
• ஆற்று நீர் தெளிவாக இருந்தாலும் சுத்திகரிக்காமல் குடிக்க வேண்டாம். மலையாறுகளில் ஜியார்டியா என்னும் குடல் ஒட்டுண்ணி இருக்கக்கூடும். அதனால் ஏற்படும் வயிற்றுப்போக்கு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் கழித்தே தொடங்கலாம்.

இதயம்

மாரத்தான் ஓட்டத்தின்போது திடீர் இதயநிறுத்தம் ஏற்படுவது அரிது. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை நடைபெற்ற மாரத்தான், அரைமாரத்தான் ஓட்டங்களில் பங்கேற்ற 1 கோடியே 9 இலட்சம் பேரில் 59 பேருக்கு இது ஏற்பட்டது. அவர்களில் 71 விழுக்காட்டினர் உயிரிழந்தனர். 2010 முதல் 2023 வரையிலான காலத்தை ஆராய்ந்த பிந்தைய ஆய்வில், இதயநிறுத்தம் ஏற்படும் விகிதம் ஏறக்குறைய மாறவில்லை. ஆனால் உயிரிழப்பு 34 விழுக்காடாகக் குறைந்திருந்தது. அருகிலிருந்தோர் உடனே மார்பை அழுத்தி முதலுதவி செய்ததும், மின்னதிர்வுக் கருவி விரைவாகக் கிடைத்ததும் இதற்கு முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

இக்காரணங்கள் இரண்டும் பள்ளத்தாக்கில் கிடைக்குமா என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும். மின்னதிர்வுக் கருவிகள் எத்தனை கிலோமீட்டர் இடைவெளியில் வைக்கப்பட்டுள்ளன, மருத்துவக் குழு எங்கெங்கு நிற்கும் என ஏற்பாட்டாளர்களிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தெளிவான விடை கிடைக்காவிடில், இதய நோய் உள்ளவர் அவ்வோட்டத்தைத் தவிர்ப்பதே நல்லது.

பின்வருவனவற்றுள் ஏதேனும் இருந்தால், இதய மருத்துவரின் பரிசோதனை முடியும் வரை பயிற்சியைத் தொடர வேண்டாம்:

• உழைப்பின்போது நெஞ்சுவலி, நெஞ்சு இறுக்கம் அல்லது மயக்கம்
• வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறல் அல்லது படபடப்பு
• குடும்பத்தில் 50 வயதிற்கு முன் திடீர் மரணம்
• அண்மையில் காய்ச்சலுடன் கூடிய தொற்றுநோய்

மருந்துகள் குறித்து மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

எந்த மருந்தையும் நீங்களாகவே நிறுத்தவோ அளவை மாற்றவோ கூடாது. பதிவு செய்வதற்கு முன்பே உங்கள் மருந்துப் பட்டியலை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்சுலின், சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகள்: ஓடும்போதும், அதன் பின் 24 மணி நேரம் வரையிலும் இரத்தச் சர்க்கரை மிகவும் குறையக்கூடும். 70 மி.கி./டெ.லி.க்குக் கீழ் இறங்கினால் ஓட்டத்தை நிறுத்தி 15 கிராம் விரைவுச் சர்க்கரை எடுத்துக்கொண்டு, 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் பரிசோதிக்கவும். புறப்படும் முன் சர்க்கரை 250-க்கு மேல் இருந்து கீட்டோனும் காணப்பட்டால் ஓடக் கூடாது. குளிரில் பரிசோதனைக் கருவி சரியாக இயங்காமல் போகலாம். இன்சுலின் உறைந்தால் பயனற்றதாகிவிடும். இரண்டையும் உடலோடு ஒட்டிய உள்பையில் வைத்துக்கொள்ளவும்.

எஸ்.ஜி.எல்.டி.-2 வகை நீரிழிவு மாத்திரைகள்: நெடுநேர உழைப்பும் குறைந்த உணவும் சேரும்போது, சர்க்கரை அளவு அதிகம் உயராமலேயே இரத்தத்தில் அமிலத்தன்மை கூடக்கூடும். ஓட்டத்திற்கு முன் இம்மருந்தை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என மருத்துவரே முடிவு செய்வார்.

பீட்டா தடுப்பான்கள்: இவை இதயத்துடிப்பைக் குறைப்பதால், கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணிக்கையைக் கொண்டு உழைப்பின் அளவை மதிப்பிட இயலாது. தடையின்றிப் பேச முடிகிறதா என்பதையே அளவுகோலாகக் கொள்ளுங்கள்.

சிறுநீர் பெருக்கிகளும் சில இரத்த அழுத்த மருந்துகளும்: இவை நீரிழப்பின்போது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். இவற்றுடன் இபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகளையும் சேர்த்து உட்கொள்வது ஆபத்தை மேலும் உயர்த்தும். 2015-இல் அமெரிக்காவில் நடைபெற்ற ஒரு மாரத்தானுக்குப் பின் 22 ஓட்டக்காரர்களைப் பரிசோதித்தபோது, 82 விழுக்காட்டினரிடம் தற்காலிகச் சிறுநீரகப் பாதிப்பு காணப்பட்டது. அவர்கள் இரண்டு நாட்களுக்குள் தேறினர். ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இத்தகைய மீட்சி உறுதியன்று. ஓட்டத்திற்கு முன்னும் ஓட்டத்தின்போதும் இவ்வகை வலிநிவாரணிகளைத் தவிர்க்கவும்.

இரத்த உறைவுத் தடுப்பு மருந்துகள்: சரிவில் தடுக்கி விழும் வாய்ப்பு கூடுதல். தலையில் அடிபட்டால், சிறிய அடியாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

புறப்படுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவை

களைப்பு, குளிர், வெப்பம், குறைந்த சர்க்கரை ஆகிய ஒவ்வொன்றும் சிந்திக்கும் திறனையே முதலில் பாதிக்கின்றன. நிறுத்த வேண்டிய நேரத்தில் 'இன்னும் ஓட முடியும்' என்றே மனம் சொல்லும். ஆதலால், நிறுத்துவதற்கான விதிகளைத் தெளிந்த மனநிலையில் எழுதி, உங்கள் பராமரிப்பாளரிடமும் ஒரு பிரதியைக் கொடுங்கள். எடுத்துக்காட்டாக:

• நெஞ்சில் வலியோ இறுக்கமோ தோன்றினால் உடனே நிற்பேன்; உதவி கேட்பேன்.
• சர்க்கரை 70-க்குக் கீழ் இருமுறை இறங்கினால் தொடர மாட்டேன்.
• உள்ளிழுப்பு மருந்து எடுத்து 15 நிமிடங்களில் மூச்சுத்திணறல் குறையாவிட்டால் உதவி கேட்பேன்.
• நடுக்கம் தோன்றினால் அடுத்த உதவி நிலையத்தைத் தாண்டிச் செல்ல மாட்டேன்.
• குறித்த நேரத்திற்குள் பாதித் தொலைவைக் கடக்காவிட்டால் பேருந்தில் திரும்புவேன்.

மார்பில் அணியும் எண் அட்டையின் பின்புறம் உங்கள் நோய், மருந்துகள், ஒவ்வாமை, அவசரத் தொடர்பு எண் ஆகியவற்றை நீரில் அழியாத மையால் எழுதுங்கள். ஓட்டத்திற்கு முந்தைய நாள் வானிலை முன்னறிவிப்பைப் பார்க்கவும்.

பள்ளத்தாக்கில் பெருமழை பெய்தால் ஆறு நிமிடங்களில் பெருகக்கூடும். பூடர் பள்ளத்தாக்கிற்குத் தெற்கேயுள்ள பிக் தாம்சன் பள்ளத்தாக்கில், 1976-ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று இரவு ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் 140-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வெள்ளம் வந்தால் சாலை வழியே ஓடாமல், சரிவில் மேலே ஏற வேண்டும் என்பதை நினைவூட்டும் பலகைகள் இன்று கொலராடோவின் பள்ளத்தாக்குச் சாலைகளில் நிறுவப்பட்டுள்ளன. நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.

பராமரிப்பாளர்களுக்கு

பள்ளத்தாக்குச் சாலை ஓட்ட நேரத்தில் மற்ற வாகனங்களுக்கு மூடப்படலாம். ஆகவே, உங்கள் உறவினரைப் பின்தொடர்ந்து செல்ல இயலாது எனக் கருதியே திட்டமிடுங்கள்.

• எந்தெந்த இடங்களில் பார்வையாளர்கள் நிற்கலாம் என்பதை முன்கூட்டியே அறிந்து, சந்திக்கும் இடத்தையும் எதிர்பார்க்கும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.
• குறித்த நேரத்தைக் கடந்து எவ்வளவு நேரம் காத்திருந்த பின் ஏற்பாட்டாளர்களிடம் தெரிவிப்பது என்பதையும் முடிவு செய்யுங்கள். கைப்பேசியில் கிடைக்காததை மட்டும் கொண்டு அஞ்ச வேண்டாம். அதைச் சாக்காகக் கொண்டு காலம் தாழ்த்தவும் வேண்டாம்.
• உலர்ந்த உடை, போர்வை, சர்க்கரை, மருந்துகள், மருந்துச் சீட்டு ஆகியவற்றை முடியும் இடத்தில் தயாராக வைத்திருங்கள்.
• சந்திக்கும்போது பெயர், நாள், இடம் ஆகியவற்றைக் கேளுங்கள். விடை தடுமாறினால் ஓட்டத்தைத் தொடர விடாதீர்கள்.
• "இன்னும் கொஞ்சத் தூரம்தான்" என ஊக்கப்படுத்துவதற்கு முன், எழுதி வைத்த விதிகளை நினைவுபடுத்துங்கள். நிறுத்தும்படி சொல்லும் பொறுப்பை அவர் உங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்.
• மார்பை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவியைக் கற்றுக்கொள்ளுங்கள். மார்பின் நடுவே, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்த வேண்டும்.

ஓட்டம் முடிந்த பின்

முடிவுக்கோட்டைக் கடந்ததும் திடீரென நிற்காமல் சில நிமிடங்கள் மெதுவாக நடக்கவும். திடீரென நின்றால் இரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வரலாம். அவ்வாறு நேர்ந்தால் படுக்க வைத்துக் கால்களை உயர்த்தவும். நனைந்த உடையை உடனே மாற்றவும். இயல்பாகச் சிறுநீர் கழிக்கும் வரை வலிநிவாரணிகளை உட்கொள்ள வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் அன்றிரவு மதுவைத் தவிர்ப்பதுடன், உறங்கும் முன்னும் நள்ளிரவிலும் சர்க்கரையைப் பரிசோதிக்கவும். நெடுந்தொலைவு விமானப் பயணத்தை உடனே மேற்கொள்வதாயின், அடிக்கடி எழுந்து நடக்கவும். ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ தோன்றினால் மருத்துவரை அணுகவும்.

மாரத்தானுக்குப் பின் சில நாட்கள், நலமாக உள்ளவர்களுக்கும் இதய, தசை நொதிகளின் அளவு இரத்தத்தில் உயர்ந்து காணப்படலாம். எந்தக் காரணத்திற்காகப் பரிசோதனை செய்தாலும், நீங்கள் ஓடியதை மருத்துவரிடம் தெரிவிக்கவும்.

எப்போது அவசர உதவி தேவை?

பின்வருவனவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால் காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள தன்னார்வலரிடம் தெரிவிக்கவும். அமெரிக்காவில் 911 என்ற எண்ணை அழைக்கவும். கைப்பேசி இணைப்பு இல்லையெனில், நோயாளியுடன் ஒருவர் இருக்க, மற்றொருவர் அடுத்த உதவி நிலையத்திற்குச் சென்று கிலோமீட்டர் அல்லது மைல் குறியுடன் இடத்தைச் சொல்ல வேண்டும்.

• நெஞ்சுவலி, மயக்கம், மூச்சின்மை
• குழப்பம், பேச்சுக் குழறல், வலிப்பு
• நிற்காத வாந்தி
• கருந்தேநீர் நிறச் சிறுநீர், அல்லது 12 மணி நேரமாகச் சிறுநீர் வராமை
• தலையில் அடி

நினைவில் கொள்க

• பள்ளத்தாக்கில் உதவி தாமதமாகவே வரும். முடிவை முன்பே எடுங்கள்.
• சரிவில் ஓடப் பழகாமல் சரிவில் மாரத்தான் ஓடாதீர்கள்.
• குளிருக்கும் வெயிலுக்கும் ஒரே நாளில் ஆயத்தமாக இருங்கள்.
• தாகத்திற்கு ஏற்ப அருந்துங்கள்.
• மருந்துகளில் மாற்றம் வேண்டுமானால் மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டும்.
• இடையில் நிறுத்திப் பேருந்தில் திரும்புவது தோல்வியன்று. பயிற்சி வீணாவதில்லை, அதே பாதையில் மற்றோர் ஆண்டு நலத்துடன் ஓடலாம்.